பாலத்து ஏற்றத்தில் ஒரு ஜோடி மாடு

1937 மார்ச் 3
பள்ளிக்கூடம் விட்டதும் காவிரிப் பாலத்துக்குப் போனேன். ஸ்ரீரங்கம் போகிற நெல் வண்டிகள் அந்த ஏற்றத்தில் ஏறியாக வேண்டும். வண்டிக்காரர் அழகர்சாமியின் மாடு முழங்கால் மடிந்து நுரை தள்ளியது. மூட்டைகளை ஏற்றி அனுப்புவது மண்டிக்காரர். வாதை மாட்டுக்கு, பாரம் அதிகமென்று அபராதம் வண்டிக்காரருக்கு. ஏற்றத்தின் அடியில் வேறொரு ஜோடி மாடு நிறுத்தி, முன்னால் பூட்டி இழுத்துக் கொடுத்தால் போதும். இதற்காகத்தானே ஜீவகாருண்ய சங்கம் தொடங்கினேன்? அங்கே இடம் வைத்திருக்கும் மிராசுதாரிடம் ஒரு வருஷமாகக் கேட்கிறேன். "பார்க்கலாம்மா."

மார்ச் 19
இடம் வேதவதிக்குக் கிடைத்துவிட்டது. ஸ்ரீரங்கத்து வக்கீல் மனைவி. பசுக்களுக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறவள். அதே ஏற்றம், அதே ஜோடி மாடு. யோசனையை அவளிடம் சொன்னதே நான்தான், ஒரு கூட்டத்தில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல். நான் ஒரு வருஷம் அலைந்தேன். அவள் வீட்டுக்காரர் மிராசுதாரோடு ஒரு காபி குடித்தார்.

மார்ச் 20
மாட்டுக்கு உதவி யார் செய்தால் என்ன? — அதெல்லாம் இல்லை. நான் செய்ய வேண்டும்.

ஏப்ரல் 2
திறப்பு விழா. நாதஸ்வரம். மாடுகளுக்குப் பட்டுத் துணி. அவள் பேச்சில் நானும் வந்தேன்: "டோரதின்னு ஒரு டீச்சர், அவாளும் ஆர்வமா இருக்கா."
ஆர்வமாம்.

ஏப்ரல் 9
அவள் மாடுகள் சும்மா நிற்கின்றன. ஒரு வண்டிக்காரரும் கேட்பதில்லை. அழகர்சாமியிடம் விசாரித்தேன்.
"பக்கத்துலயே அந்தம்மா நிறுத்தி வச்ச கேஸ் எழுதுற ஆளு நிக்கிறாரு டீச்சரம்மா. மாடு குடுங்கன்னு கேட்டா, பாரம் ஜாஸ்தின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அதுங்க பாட்டுக்குத் தின்னு கொழுக்கட்டும்."
இதுகூடத் தெரியாமல் ஒரு ஜீவகாருண்யம். பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவளிடம் சொல்ல வேண்டுமா? எதற்கு?

ஏப்ரல் 16
அழகர்சாமியின் மாடு ஏற்றத்தில் விழுந்து கால் முறிந்தது. அவள் ஜோடி கூப்பிடு தூரத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவர் அழவில்லை. மாட்டின் கண்ணைத் துண்டால் மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாத் தெரியும் எனக்கு. தெரிஞ்சு பாடிக்கிட்டு வந்தேன்.

ஏப்ரல் 17
வேதவதி வீட்டுக்குப் போனேன். முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்: "கேஸ் எழுதுற ஆளை அங்கேருந்து எடுங்க. மண்டி வாசல்ல நிறுத்துங்க, பாரம் ஏத்துறவங்களைப் பிடிக்கட்டும்."
சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.
"அதனாலதான் யாரும் வரலையா? நேக்குத் தோணவே இல்லையே. நாளைக்கே மாத்திடறேன். மாட்டைப் பிடிக்க நீங்களே வாங்கோளேன், அவா உங்களைத்தான் நம்பறா."
இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள எங்கே கற்றாள்? அதற்கும் எனக்கு எரிந்தது.

மே 5
ஏற்றத்தின் அடியில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அழகர்சாமி வாடகை மாட்டில் ஓட்டுகிறார். துறையூரிலிருந்து புதிதாக வந்த வண்டிக்காரரிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது: "பயப்படாதீங்க, வேதம்மா மாடு இழுத்துக் குடுக்கும்."
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டி அசைந்துவிட்டது. மாடுகளோடு மேலே நடந்தேன்.