மேல்முனைக்கும் கடைமடைக்கும் நடுவில்

அன்புள்ள மகனுக்கு,

என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன். அடுத்தவர் சொல்லி நீ சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், போன திங்கட்கிழமை வேலைநேரத்தில் ஊரே பார்க்கக் கால்வாய்க்குள் விழுந்தேன். இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் அளக்கிறேன், அன்றைக்குத்தான் இடுப்பால் அளந்தேன்.

கடைமடையில் உன் பெரியப்பாவின் பயிர் காய்கிறது, மேலே இருப்பவன் தண்ணீரைத் திருடுகிறான் என்று அவர் எங்கள் பாசன ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். மேலே இருப்பவன் யார், என் தம்பி, உன் மாமா. அளக்கப் போனவள் நான், நல்ல வேளை பார். வழக்கம்போல மேல்முனையில் முப்பது மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு மரத்துண்டை மிதக்கவிட்டேன், அது இரண்டாவது குச்சிக்கு வரும் நேரத்தை, மதகைத் திறந்து மூடும் ஷட்டர்காரர் குறிக்க வேண்டும், அதை வைத்துத்தான் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கணக்கு. விட்ட கையோடு வழுக்கினேன், செருப்பு ஒன்று ஏழெட்டு மீட்டர் முன்னால் பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது. கைகொடுத்துத் தூக்கிய மாமா, ஏன்க்கா, தண்ணிய நான் திருடுறேனா இல்ல நீ சேலையில முடிஞ்சுட்டுப் போறியா என்று கேட்டான். அப்போது நானும் சிரித்தேன்.

பிறகு கடைமடையிலும் அளந்து கழித்தால், நூற்றுக்கு முப்பது பங்கைக் காணோம். எங்கள் மண் எவ்வளவு குடித்தாலும் பத்தைத் தாண்டாது. இன்ஜினியர் தாளைப் பார்த்துவிட்டு, மிச்சத்த மனுசன்தான் குடிச்சிருக்கணும்மா என்று சொல்லி, மாமாவின் மடையைப் பத்து நாள் பூட்டச் சொல்லிவிட்டார். நாற்று நட்டு ஒரு வாரம்தான் ஆகிறது அவனுக்கு. நான் எடுக்கலக்கா என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனான், உள்ளே வரவில்லை. பெரியப்பா மட்டும் தினமும் வந்து டீ குடித்து என் நேர்மையைப் புகழ்கிறார். உன் அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். எனக்கு அலுத்துப்போய்விட்டது, கண்ணா.

நீ மாமாவுக்கு ஒரு போன் போடு, என்னைப் பற்றிப் பேசாதே. தலைக்கு எண்ணெய் வை. நூறு வயசு நன்றாக இரு.

இப்படிக்கு,
காய்ந்துகொண்டிருக்கும் உன் அம்மா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஷட்டர்காரர் என் ஒற்றைச் செருப்போடு வந்தார். அன்றைக்கு மரத்துண்டு புல்லில் சிக்கிக்கொண்டதாம், அதனால் குச்சியைத் தாண்டிய இந்தச் செருப்பின் நேரத்தைத்தான் குறித்தாராம். முதல் ஏழெட்டு மீட்டரை அது ஆகாயத்தில் கடந்திருக்கிறது. மேல்முனையில் ஓடாத தண்ணீரை ஓடியதாக எழுதி, அதைத்தான் மாமா குடித்ததாகக் கழித்திருக்கிறேன்.