வெட்டி எழுதியவன் ஒட்டி எழுதும் மனு

அனுப்புபவர்:
சூ. அருளப்பு,
கருவாட்டு வியாபாரம்,
கடற்கரை வீதி, வெள்ளைமுனை,
கற்பிட்டி வழி.

பெறுபவர்:
கனம் வித்தியாதரிசி அவர்கள்,
வித்தியாதரிசி கந்தோர்,
புத்தளம்.

விடயம்: வெள்ளைமுனை அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலைத் தலைமையாசிரியர் ஜனாப் சுஹைர் அவர்களின் இடமாற்றத்தை நிறுத்துதல், மூடப்பட்ட மாணவர் மன்றத்தையும் செவ்வாய்க்கிழமை விளையாட்டையும் மீண்டும் அனுமதித்தல்.

கனம் பொருந்திய ஐயா,

1. தங்கள் 4.7.1938ஆந் திகதிக் கட்டளைப்படி எங்கள் தலைமையாசிரியர் ஆகஸ்ட் முதலாந் திகதி வேறு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். மாணவர் மன்றம் மூடியாயிற்று. கிளித்தட்டுக்கு மணலில் கோடு கீறவும் கூடாது. இவ்வளவுக்கும் காரணம், மே மாதம் 28ஆந் திகதி தபாலில் சேர்க்கப்பட்ட ஒரு மொட்டைக் கடிதம். ஐயா, அதை எழுதியவன் நானே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் தைரியம் போய்விடும்.

2. அந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் நான் செய்த பெரிய அநியாயம். மாணவர்கள் தலைமையாசிரியரின் முதுகில் அடிக்கிறார்கள், அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார் என்று எழுதினேன். அடித்தது உண்மை, சிரித்ததும் உண்மை. அது கிளித்தட்டு என்பதை மட்டும் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாத்தியார்மார் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். கோட்டில் காவல் நிற்பவர் குறுக்கே ஓடுபவரைக் கையால் அடித்து ஆட்டமிழக்கச் செய்வதுதான் அந்த விளையாட்டே. முதுகில் அடி வாங்காமல் அதை ஆடினவர் இந்தக் கரையில் ஒருவரும் இல்லை. நானும் வாங்கியிருக்கிறேன்.

3. ஆசிரியர்களை மாணவர் முன் நிறுத்தி விளக்கம் கேட்கிறார்கள் என்றும் எழுதினேன். செவ்வாய் தோற்ற பக்கம் வியாழக்கிழமை மன்றத்தில் ஒருவரை எழுப்பிப் பேச வைக்க வேண்டும், வென்ற பக்கம் கேட்பதற்கு அவர் விளக்கமும் சொல்ல வேண்டும். இது அவர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. யாக்கோபு உபாத்தியாயருக்குக் கொஞ்சம் பாரமான உடம்பு. அவரால் பெரும்பாலும் ஆசிரியர் பக்கமே தோற்கும். பாவம் மனிசன், நாலு வியாழன் தொடர்ந்து எழும்பிப் பேசினார். நாலாவது முறை நட்சத்திரங்களைப் பார்த்துத் தோணி விடுவதைப் பற்றி அவர் பேசியதைக் கேட்கப் பெரியவர்களும் வந்து கிடுகு வேலிக்கு வெளியே நின்றார்கள்.

4. ஏன் எழுதினாய் என்று தாங்கள் கேட்பீர்கள். மீன் காயவைக்கும் என் கருவாட்டு வாடி பள்ளிக்கூடத்துக்கு நேர் தென்மேற்கே இருந்தது. சோளகக் காற்று எழும்பினால் மணம் முழுவதும் வகுப்புக்குள்தான். மே 26ஆந் திகதி மன்றத்தில் "வாடியை அப்புறப்படுத்த வேண்டும்" என்று விவாதம் வைத்தார்கள். அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒட்டிப் பேசியவள் என் சொந்த மகள், ஏழாம் வகுப்புப் பவுலினா! பேசினதுமல்லாமல் வென்றும்விட்டாள். கற்பிட்டிச் சந்தை வரைக்கும் இந்தக் கதை போய், ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் தலைக்கு மேலே வெயில் ஏறியது. அவளுடைய கொப்பியிலேயே தாள் கிழித்துத் தங்களுக்கு எழுதிவிட்டேன்.

5. அந்த மன்றத்தில் ஒரு சட்டம் உண்டு. அது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு கிழமை ஒட்டிப் பேசியவர் அடுத்த கிழமை அதே விடயத்தை வெட்டிப் பேச வேண்டும். வெட்டியவர் ஒட்ட வேண்டும். சுஹைர் மாஸ்டர் வைத்த சட்டம். ஜூன் 2ஆந் திகதி மகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு மறிக்கும் எண்ணத்துடன் போனேன். அரைச் சுவருக்கு வெளியே நின்றபோது உள்ளே அவள் வாடியை அப்புறப்படுத்தக் கூடாது என்று பேசிக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் என் விரல் வெடித்திருப்பதைச் சொன்னாள். 1935ஆம் ஆண்டுக் காய்ச்சலில் தோணி ஒன்றும் இறங்காத மாதங்களில் முஸ்லிம் தெருவுக்கும் எங்கள் கரைக்கும் நான் கடனுக்குக் கருவாடு கொடுத்ததைச் சொன்னாள். அந்த மணம்தான் எங்கள் சோறு என்றாள். நான் வீட்டில் ஒருநாளும் வாய் திறந்து சொல்லாதவை இவை. இதையெல்லாம் அவள் எப்போது பார்த்து வைத்தாளோ தெரியாது. நான் அழுதேன் ஐயா. வெட்கமில்லாமல் அழுதேன்.

6. அப்போதே கடிதத்தைத் திருப்பிப் பெற எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஜூன் 21ஆந் திகதி தாங்கள் விசாரணைக்கு வந்தபோதும் கூட்டத்தில் ஊமை போல நின்றேன். முதுகில் அடித்தார்களா என்று தாங்கள் கேட்க, ஓம் என்றார் மாஸ்டர். மாணவர் முன் எழும்பி நின்றீர்களா என்று கேட்க, அதற்கும் ஓம் என்றார். விளையாட்டு என்று அவர் சொன்னது தங்களுக்கு நம்பக் கூடியதாக இருந்திராது. தங்கள் ஊரில் அந்த ஆட்டம் இல்லைப் போலும்.

7. தாங்கள் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தீர்கள். அவர் கிழமைதோறும் திருத்துகிற கொப்பியின் தாள் அது. ஓரத்தில் அவருடைய சிவப்பு மைச் சரி அடையாளம் பாதி இருந்தது. யார் வீட்டுத் தாள் என்று பார்த்த உடனே அவருக்கு விளங்கியிருக்கும். தாளை மடித்துத் தங்களிடமே திருப்பித் தந்தார். அந்தச் சனிக்கிழமை வழமைபோல வாடிக்கு வந்து சாளைக் கருவாடு வாங்கினார். பவுலினாவுக்கு நல்ல நாவு, மேலே படிக்க வையுங்கள் அருளப்பு என்றார்.

8. இவர் மதுரங்குளியிலிருந்து வர முன் எங்கள் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். முஸ்லிம் பிள்ளைகளும் வேதக்காரப் பிள்ளைகளும் கிணற்றடியில் கல்லெறிவார்கள். இவர் வந்து இரு பகுதியையும் கலந்து ஒரே பக்கத்தில் ஆட விட்டார். சுகாதாரச் சங்கம் என்று ஒன்று வைத்து, பிள்ளைகளோடு தானும் சாரத்தை மடித்துக் கட்டி, நுளம்பு பெருகும் குழிகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார். போன மாரியில் எங்கள் வீதியில் ஒருவரும் காய்ச்சலில் கிடக்கவில்லை. அப்படிப்பட்ட மனிசனை எழுத்தால் அடித்தவன் நான். அந்த அடியில் விளையாட்டு இல்லை.

9. என் மனைவி பாக்கியம்மா, இந்த மனு தபாலில் சேரும் வரை எனக்குத் தேத்தண்ணி இல்லை என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பயந்து எழுதவில்லை என்று பணிவுடன் தெரிவிக்கிறேன். மன்றத்தின் சட்டம் எனக்கும் உண்டு என்றே எழுதுகிறேன். வெட்டி எழுதியவன் ஒட்டி எழுத வேண்டும். ஐந்து கிழமை பிந்திவிட்டது. அதை மன்னித்தருள வேண்டும்.

10. ஆகவே தங்கள் கட்டளையைத் திரும்பப் பெறும்படி மிகுந்த வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன். மொட்டைக் கடிதத்துக்குத் தண்டனை இருந்தால் அது எனக்கே வரட்டும். இந்த மாதம் முதலாந் திகதி என் வாடியைப் பிடுங்கி அரைக் கட்டைத் தூரம் வடக்கே கொண்டுபோய்விட்டேன். தாங்கள் வந்து மூச்சிழுத்துப் பார்க்கலாம். இங்கே இடம் மாற வேண்டியது அந்த வாடி ஒன்றுதான் என்று பிள்ளைகள் தீர்மானித்தார்கள், அது மாறிவிட்டது. மாஸ்டர் இருக்கட்டும் ஐயா.

இந்தத் தாள் கடையில் வாங்கியது. இம்முறை பெயரும் வைக்கிறேன்.

வெள்ளைமுனை,
9.7.1938.

தங்கள் பணிவுள்ள,
சூசைப்பிள்ளை அருளப்பு
(பவுலினாவின் தகப்பன்)