கூடை இல்லாத கழுத்து

செவ்வாய், இரவு.

எனக்கு ஏழாம் மாதம். இடுப்பு வலி தாங்காமல் இன்று வீட்டுக்காரரோடு ஹட்டனுக்குப் போய், முதுகெலும்பு வைத்தியம் பார்க்கும் டொக்டரம்மாவைப் பார்த்தேன். முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. அதனால் முதுகில் யார் கை வைத்தாலும் எனக்குப் பயம்.

அவர் உடனே தொடவில்லை. "சும்மா நில்லுங்க" என்றார். நின்றேன்.

"தலையில கூடைக் கயிறு தொங்குற மாதிரியே நிக்கிறீங்களேம்மா!"

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பதை விட்டு ஒரு மாதமாகிறது. என் கழுத்துக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பை மெதுவாக அழுத்திவிட்டார். நான் பயந்த மாதிரி சடக்கென்று சத்தம் எதுவும் வரவில்லை. பிள்ளை தன்பாட்டுக்கு உதைத்துக்கொண்டிருந்தது.

லயத்து வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் ஆணியில் கிடந்த கூடைக் கயிற்றை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டார்.

வழக்கமாக, படுத்த கொஞ்ச நேரத்தில் வலி வந்துவிடும். இன்று படுத்தபடி காத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். இன்னும் வரவில்லை.