அப்பா அழுத்திய குறி

2011 ஜூலை 12, செவ்வாய், இரவு

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம்.

அப்பாவோடு மீன்பிடிக்கப் போன மாமா திரும்பவில்லை. குளச்சலுக்கு நேரே கடலில் விழுந்துவிட்டான் என்றார் அப்பா. ஊர் வள்ளங்கள் அங்கேதான் தேடின. வருகிற ஞாயிறன்று மாமாவுக்கு மரித்தோர் பூசை.

தண்ணீர் ஏறிக் கெட்டுவிட்டதென்று அப்பா எறிந்த வள்ளத்து ஜிபிஎஸ்ஸை, ரேடியோ பழுதுபார்க்கும் அண்ணன் பொறுக்கிவந்தான். உள்ளிருந்த எட்டுக்கால் சிப்பைக் கழற்றி, அதேபோன்ற வேறொரு ஜிபிஎஸ்ஸில் பற்றவைத்தான்.

“கரண்ட் போனாலும் இது மறக்காது மக்கா. ஒரு கம்பியில தாளம் போட்டா, மறு கம்பியில வரிசையா ஒப்பிக்கும். மேல எழுதினாத்தான் அழியும்.”

ஒப்பித்தது. ஆள் கடலில் விழுந்தால், அந்த இடம் பதிய உடனே ஜிபிஎஸ்ஸில் குறி அழுத்துவார்கள். அப்பாவின் கையும் பழக்கத்தில் அழுத்தியிருக்கிறது. கடைசிக் குறி குளச்சலில் இல்லை. இலங்கை எல்லைக்கு அப்பால் இருக்கிறது. எல்லை தாண்டியது தெரிந்தால் வள்ளத்தைப் பறித்துவிடுவார்கள் என்றுதான் அப்பா மறைத்திருப்பார். மாமா நன்றாக நீந்துவார். அங்கே யாராவது தூக்கியிருந்தால்?

காலையில் ஃபாதரிடம் காட்டச் சொல்லி, அண்ணன் சிப்பை மறுபடி கழற்றி என்னிடம் தந்திருக்கிறான். சாப்பிடும்போது அப்பா கேட்டார்: “குப்பையில கிடந்த ஜிபிஎஸ்ஸ கண்டியாட்டி?”

“இல்லப்பா.”

அப்பா கதவைத் தட்டுகிறார்.

“ஏட்டி, உறங்கல்லியா? திற.”

சிப்பை வாய்க்குள்