கடலுக்குள் மட்டும் வலிக்கும் பல்

அம்மா,

சிப்பிக் கஞ்சி அடுப்பில் இருக்கிறது, ஆறவைத்துக் குடி. இன்று நீ கடலில் இறங்கக்கூடாது என்று, நீ முக்குளிக்கும் கண்ணாடியை நான் கையோடு எடுத்துப் போகிறேன். திட்டு, பரவாயில்லை.

பல்லை அடைத்ததிலிருந்து கடலுக்குள் இறங்கினால் கன்னத்தில் சுரீரென்று குத்துகிறது என்கிறாய். பல் டாக்டரோ, "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்கிறார். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று அவர் கேட்டபோது, "ஆரஞ்சுத் தோட்டத்துல" என்றாயே! அடைப்புக்கு அடியில் காற்று சிக்கியிருந்தால் ஆழத்தில் இப்படி வலிக்குமாம். மூக்கோரத்தில் சளி கட்டியிருந்தாலும் வலிக்குமாம். நரம்பாகவும் இருக்கலாம். தோட்டக்காரியிடம் இதையெல்லாம் யார் தேடுவார்கள்? நீ தலைவலி மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி குதிக்கிறாய்.

என் கல்லூரி விண்ணப்பத்திலும் தோட்டம் என்றுதான் எழுதவைத்தாய். கடலில் மூழ்குகிறவளின் மகள் என்று என்னை யாரும் இளப்பமாகப் பார்க்கக்கூடாது என்று எனக்காகத்தான் மறைத்தாய், தெரியும். நேற்று நான் கத்தியதும் இப்படி மறைப்பதற்குத்தான்.

மூன்று மணிக்கு மல்-சுன் சித்தி உன்னை டாக்டரிடம் கூட்டிப்போவாள். மேசையில் இருக்கும் படிவத்தைக் கொடு. தொழில் என்ற இடத்தில் நானே எழுதிவிட்டேன்: கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர், முப்பத்தொரு வருடம்.

ஹே-ரான்

பி.கு.: மறுபடி கடலில் இறங்கலாம் என்று டாக்டர் சொல்லும் அன்று, ஆவி படியாமல் கண்ணாடியில் தேய்க்க மாசிபத்திரி இலை பறித்துக்கொண்டு நானே உன்னோடு கரைவரை வருகிறேன். ஜேஜு தீவு முழுக்கப் பார்க்கட்டும்.