நூற்றெட்டுப் படிக்கட்டு

குட்டநாடு, தெக்கேமுறிக் கால்வாய்க்கரை
10 ஜனவரி 1999

மஸ்கட் ஆஸ்பத்திரியில் அரபுக்காரர்களை ஊசியால் மிரட்டும் என் தங்கச்சி மகள் அம்பிளிக்கு,

இதில் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். யாருமே நம்பமாட்டார்கள். ஆனாலும் கால்வாய்த் தண்ணீரைக் கையில் அள்ளிச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இந்த சீசனில் பாதி ஐரோப்பா என் வள்ளத்தில் ஏறி இறங்கிவிட்டது. ஒரு பிரெஞ்சுக்காரனுக்குத் தென்னோலைத் தொப்பி முடையக் கற்றுக்கொடுத்தேன். அவன் முடைந்த அழகில் காக்கை வந்து முட்டையிட்டுவிட்டது. ஒரு ஜெர்மன்காரி தூண்டில் போட்டாள். சிக்கிய கரிமீனைப் பொரிக்கச் சட்டி போதாமல் சர்ச் மணியைக் கவிழ்த்து அடுப்பில் வைத்தோம்.

தூண்டில்காரர்களுக்கு உட்கார இடமில்லை என்று புகார். விடுவேனா? உங்கள் வயலின் வெளிக்கரையில், கால்வாய்க்குள் இறங்க, நூற்றெட்டுப் பளிங்குப் படிக்கட்டு கட்டிவிட்டேன். அதில் உட்கார்ந்து ஜெர்மன்காரி கேட்டாள்: "கால்வாய் மேல இருக்கு, வயல் கீழ கிடக்கு. தண்ணி ஏன் உள்ள வரல?"

"நான் இருக்கேன்ல! பயந்துபோய் வெளியவே நிக்குது" என்றேன்.

உன் நெல் தலைசாய்த்துவிட்டது. ஒவ்வொரு மணியும் தேங்காய் அளவு. அறுப்பு முடிந்ததும் நீ அங்கே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. மேட மாதம், சித்திரை பிறந்ததும், கல்யாணம். உனக்காக ஐந்து வருடம் காத்திருந்த சுதர்மன், நேற்று சர்க்கார் படகை ஓட்டிக்கொண்டே கண்ணாடி பார்த்தான். படகுத்துறையில் கொண்டுபோய் இடித்தான்.

கால்வாய்ச் சக்கரவர்த்தி, பத்தாயிரம் வாத்துகளின் தளபதி,
உன் மாமன் புருஷோத்தமன்

மஸ்கட்
26 ஜனவரி 1999

அன்புள்ள மாமாவுக்கு,

ராத்திரி டியூட்டி முடிந்து வந்து உங்கள் கடிதத்தை ரூமில் சத்தமாகப் படித்தேன். சர்ச் மணியில் மீன் பொரித்த இடத்தில் கோட்டயத்து மேரிக்குப் புரையேறிவிட்டது. வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து கள் குடிக்கிறீர்களாமே? அம்மா எழுதியிருந்தாள். வயிற்றுப்புண் யாருக்கு, அவர்களுக்கா?

காண்டிராக்டைப் புதுப்பிக்கமாட்டேன் என்று மேட்ரனிடம் சொல்லிவிட்டேன். "நிஜமா போறியா?" என்று மூன்று தடவை கேட்டாள். கல்யாணம் இந்த அறுப்பை நம்பித்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அறுக்கும்வரை கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா. சுதர்மனிடம் மீசையில் கை வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

அம்பிளி

தெக்கேமுறி
14 பிப்ரவரி 1999

அம்பிளிக்கு,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரை உடைந்துவிட்டது. வயல் முழுக்கத் தண்ணீர். நெல் போய்விட்டது. நண்டு துளை போட்டிருக்கிறது. எல்லோரும் சுகம்.

மாமன்

மஸ்கட்
3 மார்ச் 1999

மாமாவுக்கு,

இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேட்ரன் ஒன்றும் கேட்கவில்லை. சுதர்மனின் அம்மாவிடமிருந்தும் கடிதம் வந்தது. "நீயும் எனக்கு மகள்தான், ஆனா அவனுக்கு முப்பத்தஞ்சு ஆச்சு" என்று எழுதியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. உங்கள் ஆயுசில் ஒரு நண்டுகூட எருமைக்குக் குறைந்து இருந்ததில்லை. இந்த நண்டு மட்டும் எப்படி வெறும் நண்டாக இருக்கிறது? நான் அதை நம்பவில்லை மாமா. உண்மையைச் சொல்லுங்கள்.

அம்பிளி

தெக்கேமுறி
17 மார்ச் 1999

அம்பிளி,

நண்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கசிவைப் பார்த்துவிட்டேன். கடைசிப் படிக்குக் கீழே, விரல் தடிமனில். இங்கே கசிவைக் கண்டவன் என்ன செய்யவேண்டும் என்று உனக்குத் தெரியும். நின்ற இடத்தில் நின்று கூவவேண்டும். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும், கேட்டவர்களெல்லாம் சேறும் ஓலையுமாக ஓடிவருவார்கள். நான் கூவவில்லை. வந்தால் படிக்கட்டைப் பார்ப்பார்களே. மறுநாள் ஆறு பேர் தூண்டில் போட வரவிருந்தார்கள். கொஞ்சம் வைக்கோலைத் திணித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். தூங்கவும் செய்தேன்.

ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உடைப்பிலேயே படிக்கட்டும் போய்விட்டது. உன் அம்மா தினமும் எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, "கரை உடைஞ்ச அன்னிக்கு ஊரைக் கூப்பிட்டுக் கத்திக் கத்தித்தானே அண்ணா உங்களுக்குத் தொண்டை கட்டிடுச்சு?" என்பாள். நானும் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவேன்.

வெள்ளைக்காரர்கள் இன்னும் வருகிறார்கள். உன் வயல் இப்போது ஏரி. அதன்மேல்தான் வள்ளம் போகிறது. "எவ்வளவு அழகு!" என்று படம் எடுக்கிறார்கள். துடுப்பைத் தூக்கினால் அழுகிய கதிர் சுற்றிக்கொண்டு வருகிறது. "என்ன செடி?" என்று நேற்று ஒருவன் கேட்டான். எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் உன் அம்மாவிடம் படித்துக்காட்டினேன். கேட்டாள். குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. திரும்பி வரவும் இல்லை. நான் கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

நீ பதில் எழுதவேண்டாம்.

ஜனவரியில் எழுதியதெல்லாம் பொய். மீன் உள்ளங்கையளவுகூட இல்லை. தொப்பி வள்ளத்திலேயே பிய்ந்துவிட்டது. தண்ணீர் என்னைக் கண்டு பயந்ததே இல்லை. படிக்கட்டு மட்டும் நிஜம். பளிங்கு இல்லை, நூற்றெட்டும் இல்லை. ஐந்து படி. உன் வயல் கரையை நான்தான் மண்வெட்டியால் வெட்டினேன்.

புருஷோத்தமன்