அக்காவுக்கு ஆறு காரணங்கள்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து மழை. பள்ளிச் சட்டை காயவில்லை. ஆங்கிலக் கோர்ஸ்வொர்க், மதிப்பெண் உண்டு: கொடுத்த இரண்டு உரைப்பகுதிகளைப் படித்து, அதிலுள்ள காரணங்களை வைத்து ஒருவரை இணங்க வைக்கும் கடிதம். பகுதி 1, வெளியூர் வேலைக்குப் போ. பகுதி 2, போகாதே, குடும்பத்தோடு இரு. டீச்சர் சொன்னது: "சும்மா ஒரு பேர் போடாதீங்க லா. உண்மையான ஆளுக்கு எழுதுங்க."
வேறு யார், அக்காதான். இங்கே பக்கத்தில் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இப்போது சிங்கப்பூர் கிளினிக் ஒன்றில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஜூலை 9, புதன்
பகுதி 1-இல் நான்கு காரணம். பகுதி 2-இல் ஆறு. எப்போதும்போல எண்ணிப் பார்த்து, அதிகம் உள்ள பக்கம் சேர்ந்தேன். எழுதுவதும் சுலபம், மதிப்பெண்ணும் வரும். அக்கா போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை யார் கேட்டார்கள்.
கடைசியில் அம்மாவின் முழங்கால் வலியையும் சேர்த்தேன், முடிவு கனமாக இருக்கட்டும் என்று. கடிதம் மேசைமேல்.
வாங்க: நீலப் பேனா, கிராஃப் தாள், தைலம்.

ஜூலை 11, வெள்ளி
வெயில். வீட்டுக்கு வந்தால் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
"உன் லெட்டர படிச்சேன்."
"அது ஸ்கூலுக்கு எழுதுனது க்கா."
"தெரியும் லா. நேர்ல சொல்ல முடியாமத்தானே எழுதுன. காலையிலயே போன் பண்ணி வரலன்னு சொல்லிட்டேன்."
பக்கத்தில் அம்மா. அப்படி ஒரு சிரிப்பு அந்த முகத்தில். நீ போயிருக்கணும் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். கோழை நான்.

ஜூலை 13, ஞாயிறு
துணி காயப்போடும்போது கேட்டேன். "திரும்ப கேட்டுப் பாரேன் க்கா."
"வேற ஆள் எடுத்துட்டாங்களாம். விடு. நீ சொன்ன ஆறும் சரிதானே."
அந்த ஆறில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் பகுதி 2; முழங்கால் மட்டும் நான் சேர்த்தது. அடுத்த துணியை எடுத்து உதறினேன்.

ஜூலை 15, செவ்வாய்
புழுக்கம். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு. டீச்சர் கேட்டார், "அக்கா நீ சொன்னதக் கேட்டாங்களா?" ஆமென்று தலையாட்டினேன்.
அக்கா கடிதத் தாளை வாங்கி ஐஸ் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். பிறகு சீருடை மாட்டிக்கொண்டு மதிய ஷிப்டுக்குத் தொழிற்சாலை பஸ் ஏறினாள்.
தாகம். தண்ணீர் ஐஸ் பெட்டிக்குள், அந்தக் கடிதத்துக்குப் பின்னால். இன்னும் எழுந்து போகவில்லை.